தோர்தோன் ஆற்றங்கரைக் கோட்டைகள், குகைகள், ஏரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் புறநகர் ஒன்றில் வசிக்கும் நான் கோடைதோறும் தோர்தோன் ஆற்றங்கரைக்குப் போய்வருகிறவள். அதனால் பள்ளி விடுமுறை நெருங்கும்போது உறவினர்களும் தெரிந்தவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களோடு என்னை அழைக்கிறார்கள். தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

அக்கா, இந்தத் தோர்தோன் எங்கே இருக்கிறது? பாரிஸிலிருந்து எவ்வளவு தூரம்?

தோர்தோன் என்பது முதலில் ஓர் ஆற்றின் பெயர். பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள சான்சி என்ற மலையில் பிறந்து, மேற்கு நோக்கி ஏறத்தாழ 480 கிலோமீட்டர் ஓடி, போர்தோ நகருக்கு வடக்கே கரோன் ஆற்றோடு கலக்கிறது. அது பாயும் மாவட்டங்களில் ஒன்றுக்கும் அதே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் மண்ணைப் பெரிகோர் என்ற பழைய பெயரால்தான் இன்றும் சொல்கிறார்கள்.

தங்குவதற்கு ஏற்ற ஊர் சார்லா. பாரிஸிலிருந்து அங்கே ஏறத்தாழ 530 கிலோமீட்டர். இடையில் ஒருமுறை நின்று சாப்பிட்டுப் போனால் காரில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வியர்சோன் நகரிலிருந்து பிரீவ் வரை ஏ20 நெடுஞ்சாலையில் சுங்கக் கட்டணம் கிடையாது என்பது குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்.

ஷாத்தோ என்றால் கோட்டையா, அரண்மனையா? சிலர் கோட்டை என்கிறார்கள், போய்ப் பார்த்தால் பெரிய வீடு மாதிரி இருக்கிறது.

பிரெஞ்சு மொழியில் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான் வழங்குகிறது. போருக்காகக் கட்டியதைத் தனித்துச் சொல்ல வேண்டுமானால் ‘ஷாத்தோ ஃபோர்’ என்பார்கள். தடித்த மதில், அம்பு எய்யும் ஒடுங்கிய துளைகள், மலைமுனை ஆகியவை அதன் அடையாளங்கள். போர்கள் ஓய்ந்த பிறகு பிரபுக்கள் வசதியாக வாழ்வதற்காகக் கட்டியவற்றில் பெரிய சன்னல்களும் தோட்டங்களும் இருக்கும். லுவார் ஆற்றங்கரையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஷம்போர், ஷெனோன்சோ போன்றவை இந்த இரண்டாம் வகை.

தோர்தோன் கரையில் இரண்டு வகையும் உண்டு. பெய்நாக்கும் கஸ்தெல்நோவும் உண்மையான போர்க்கோட்டைகள். மிலாந் 1489ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய மாளிகை. எதைப் பார்க்கப் போகிறோம் என்று முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வாளும் பீரங்கியும் எதிர்பார்த்து வந்த பிள்ளை பூந்தோட்டத்தில் நின்று முகம் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கார் இல்லாமல் போக முடியாதா?

போகலாம், ஆனால் போய்ச் சேர்ந்த பிறகுதான் சிரமம் தொடங்கும். பாரிஸ் ஒஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து பிரீவ் வரை நேரடி ரயில் உண்டு. நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். சார்லாவுக்கும் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் அங்கே வரும் ரயில் போர்தோ பக்கத்திலிருந்து வருவது. ஒரு கோட்டையிலிருந்து அடுத்ததற்குப் போகப் பேருந்தை நம்பியிருக்க முடியாது. பிரீவ் வரை ரயிலில் போய், அங்கே கார் வாடகைக்கு எடுப்பதே என் பரிந்துரை.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சுற்றுலாவாக வருகிறவர் காரை ஓட்டப் போகிறாரென்றால், தன் நாட்டு உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலிருந்தே எடுத்து வரவேண்டும். கிராமங்களுக்குள் வேறு அறிவிப்புப் பலகை இல்லாத சந்திகளில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. அவர் சின்னஞ்சிறு சந்திலிருந்து வந்தாலும் நீங்கள்தான் நிற்கவேண்டும்.

எந்த மாதம் நல்லது? ஆகஸ்டில்தான் எங்களுக்கு லீவு.

மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மூன்றும் மிக நல்ல மாதங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பல இடங்கள் மூடியிருக்கும் அல்லது நேரம் குறைத்துத் திறந்திருக்கும். செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் மரபுரிமை நாட்கள் என்று நாடு முழுவதும் கொண்டாடுகிறார்கள், மற்ற நாட்களில் திறக்காத சில கதவுகளும் அப்போது திறக்கும்.

ஆகஸ்டைத் தவிர வேறு வழியில்லை என்றால் காலை திறக்கும் நேரத்துக்கே கோட்டை வாசலில் நில்லுங்கள், நண்பகல் வெயிலில் ஆற்றங்கரைக்கு இறங்குங்கள், மாலை ஐந்துக்குப் பிறகு ஊர்களை நடந்து பாருங்கள். சார்லாவில் புதனும் சனியும் காலைச் சந்தை கூடும். சந்தை மிக அழகானதுதான், ஆனால் சனிக்கிழமை காலையில் காரை நிறுத்த இடம் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடலாம்.

இரண்டு நாளில் எல்லாக் கோட்டையும் பார்த்துவிடலாமா? ஒரு பட்டியல் போட்டுத் தாருங்கள்.

பட்டியல் தர எனக்கு மனமில்லை. ஒரு நாளில் ஐந்து கோட்டை பார்த்துவிட்டு வந்த குடும்பங்களிடம் எது எந்தக் கோட்டை என்று கேட்டால் படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். இரண்டு நாள்தான் உண்டென்றால் ஒரு நாளை முழுவதுமாகப் பெய்நாக், கஸ்தெல்நோ என்னும் இரண்டுக்கும் கொடுங்கள். மற்ற நாளைப் பழங்கால ஓவியங்களுக்குப் பேர்போன லஸ்கோ குகைக்குக் கொடுங்கள். நான்கு நாள் கிடைத்தால் பாறையோடு ஒட்டிய திருத்தலமான ரொக்கமதூரையும் பதிராக் குகையையும் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான்.

சார்லா நகரை மாலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொன்னிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய வீடுகளின் மேல் ஓடு இல்லை. தட்டையான கற்பலகைகளையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூரையாக வேய்ந்திருக்கிறார்கள். அத்தகைய கூரை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ அரை டன் எடையிருக்கும், அந்த எடையைத் தாங்கவே சுவரும் மரச்சட்டமும் அவ்வளவு பருமனாக இருக்கின்றன. 1962இல் பண்பாட்டு அமைச்சர் மல்ரோ கொண்டுவந்த பழைய நகர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதலில் சீரமைக்கப்பட்ட நகரங்களில் சார்லாவும் ஒன்று. அந்தச் சட்டம் வந்திராவிட்டால் இந்தச் சந்துகளில் பாதி இடிந்துபோயிருக்கும்.

பெய்நாக், கஸ்தெல்நோ இரண்டும் எதிரெதிரே இருக்கின்றனவே. ஒன்றைப் பார்த்தால் போதாதா?

போதாது என்பதுதான் என் உறுதியான கருத்து, ஏனென்றால் ஒன்று இல்லாமல் மற்றது ஏன் அங்கே நிற்கிறது என்பது புரியாது. அக்கித்தேன் நாட்டின் ஆட்சியாளர் எலெயனோர் 1152இல் ஹென்றி பிளாந்தஜெனேயை மணந்தார். இரண்டு ஆண்டுகளில் ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். மனைவியின் சீதனமாக வந்த தென்மேற்குப் பிரான்சு அப்படியே ஆங்கில முடியின் கீழ்ப் போனது. அதிலிருந்து முளைத்த பகை 1337 முதல் 1453 வரை நடந்த நூறாண்டுப் போராக வளர்ந்தபோது, இந்த ஆறு பல காலம் இரு தரப்புக்கும் எல்லையாக இருந்தது. வடகரையில் செங்குத்துப் பாறையின் மேல், ஆற்றிலிருந்து 150 மீட்டர் உயரத்தில் நிற்கும் பெய்நாக் பிரெஞ்சு அரசரின் பக்கம். தென்கரைக் குன்றில் நிற்கும் கஸ்தெல்நோ போரின் பெரும்பகுதியில் ஆங்கிலேயர் பக்கம். 1442இல்தான் பிரெஞ்சுப் படை அதை முற்றுகையிட்டு மீட்டது. போர் முடிந்ததும் இதே ஆற்றங்கரையில்தான்: கீழ்நோக்கிப் போனால் வரும் காஸ்தியோன் என்ற ஊரில் 1453 ஜூலை 17 அன்று ஆங்கிலப் படை தோற்றது.

காலையில் பெய்நாக் மேல்தளத்தில் நின்று எதிர்க்கரையைப் பாருங்கள். ஆறு வளைந்து வருவதும், அதற்கப்பால் பகைவனின் கோபுரமும், இடையே வயலும் வால்நட் தோப்புகளும் தெரியும். பிறகு பாலத்தைக் கடந்து கஸ்தெல்நோவுக்குப் போய் அங்கிருந்து பெய்நாக்கைப் பாருங்கள். இக்கரையில் நிற்கும்போது அக்கரைக் கோட்டைதான் பெரிதாகத் தெரிகிறது, அக்கரைக்குப் போனால் இது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் அச்சம் எப்படிப்பட்டது என்பதை எந்த வழிகாட்டியின் விளக்கமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

கஸ்தெல்நோவுக்குள் இடைக்காலப் போர்க்கருவி அருங்காட்சியகம் இருக்கிறது. மதில் ஓரத்தில் கல்லெறி பொறிகளை முழு அளவில் மீண்டும் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். நீண்ட மரக்கையின் ஒரு முனையில் கல் நிரப்பிய பெட்டி, மறுமுனையில் கவண். பெட்டியைத் தாங்கும் கொக்கியை விடுவித்தவுடன் பெட்டி கீழே சரிய, கை மேலெழும்பிக் கவணைச் சுழற்றி வீசுகிறது. நூறு கிலோ எடையுள்ள குண்டை ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி எறியக்கூடிய பொறி இது. கோடையில் செய்முறை காட்டுகிறார்கள், ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கோட்டை இந்தப் பகுதியில் இல்லை.

மிலாந் கோட்டையில் யாரோ ஒரு நடனக்காரி இருந்தாராமே, அதற்காகவா போகவேண்டும்?

அதற்காகவே போகவேண்டும். ஜோசஃபின் பேக்கர் 1906இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வறுமையில் பிறந்த கறுப்பினப் பெண். பாரிஸ் மேடையில் பெரும்புகழ் பெற்று, 1937இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு இயக்கத்துக்கு உளவுச் செய்திகள் கொண்டு சென்றவர். 1947இல் மிலாந்தை விலைக்கு வாங்கினார். பல நாடுகளிலிருந்து, பல இன மத வழியில் வந்த பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து இங்கே வளர்த்தார். மனிதர் சேர்ந்து வாழ முடியும் என்பதைத் தன் வீட்டிலேயே காட்ட விரும்பினார்.

கடன் அவரை விழுங்கியது. 1968இல் மாளிகை ஏலத்தில் போயிற்று. அடுத்த ஆண்டு வெளியேற்றப்பட்டபோது சமையலறைக் கதவுக்கு முன் படியில், குளிரில், போர்வையோடு அவர் அமர்ந்திருந்த புகைப்படம் உலகெங்கும் வெளியானது. அந்தப் படி இன்றும் இருக்கிறது. மேடையுடைகளைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டுக் கடைசியாக அந்தக் கதவருகே வந்து நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. 2021 நவம்பர் 30 அன்று பிரெஞ்சுக் குடியரசு அவருக்கு நாட்டின் பெருமக்களுக்கான நினைவு மண்டபமான பாந்தெயோனில் இடம்கொடுத்துக் கௌரவித்தது.

லஸ்கோ குகையில் காட்டுவது நகல் என்கிறார்கள். நகலைப் பார்க்க ஏன் காசு கொடுக்கவேண்டும்?

1940 செப்டம்பரில் நான்கு இளைஞர்கள் மொந்தினியாக் ஊருக்கு மேலுள்ள காட்டில் இந்தக் குகையைக் கண்டார்கள். 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். நாளுக்கு ஆயிரத்துக்கும் அதிகமானோர் உள்ளே போய் மூச்சு விட்டதில் ஈரமும் கரியமில வாயுவும் கூடி, பதினேழாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கெடாமலிருந்த ஓவியங்களின் மேல் பாசி படரத் தொடங்கியது. மேலே சார்லாவைப் பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட அதே அமைச்சர் மல்ரோ 1963இல் குகையை மூடச் செய்தார். எனவே நகலைக் காட்டுவது ஏமாற்று அல்ல, மூலத்தைக் காப்பாற்றும் வழி. 1983இல் ஒரு பகுதியையும், 2016 டிசம்பரில் மலையடிவாரத்தில் ஏறத்தாழ முழுக் குகையையும் மறுபடைப்பாகத் திறந்தார்கள். பாறையின் புடைப்பைக் காளையின் தோளாகவே பயன்படுத்தியிருக்கும் அந்தக் கைத்திறன் நகலிலும் தெளிவாகத் தெரிகிறது.

மூல ஓவியத்தையே பார்த்தாக வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. லேஸ் எய்சி ஊருக்கருகே ஃபோன் து கோம் என்ற குகையில் வண்ணம் தீட்டிய காட்டெருதுகளை இன்றும் நேரில் காட்டுகிறார்கள். சிறு குழுக்களாக மட்டுமே விடுவதால் நுழைவுச்சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ரூஃபினியாக் குகையில் சிறு மின்ரயிலில் உட்கார்ந்தபடியே உள்ளே போய் மாமத யானை உருவங்களைப் பார்க்கலாம். இவையெல்லாம் அடங்கிய வெசேர் பள்ளத்தாக்கு 1979இலேயே உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. எல்லாக் குகைகளிலும் கோடையிலும் குளிர்தான், பிள்ளைகளுக்கு மேலங்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சைவம். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இது வாத்து, வாத்துக்கொழுப்பு, வாத்து ஈரல் ஆகியவற்றுக்குப் பேர்போன மண். அதனால் கவனம் தேவை. முக்கியமாக ‘பொம் சார்லதேஸ்’ என்ற உருளைக்கிழங்கு வறுவலைப் பாருங்கள்: பூண்டும் வோக்கோசும் தூவி மணமணக்க வரும், பெயரில் உருளைக்கிழங்கு மட்டுமே இருக்கும், ஆனால் வாத்துக்கொழுப்பில் வறுத்தது. ‘தூரென்’ எனப்படும் பூண்டுச் சூப்பும் பெரும்பாலும் அதே கொழுப்பில்தான் தொடங்குகிறது. என் மாமியார் ஒருமுறை பாதித் தட்டு உண்ட பிறகே இது தெரியவந்தது, அன்று இரவு அவர் வேறெதுவும் தொடவில்லை. ‘கிரெஸ் து கனார்’ இருக்கிறதா என்று பரிமாறுகிறவரிடம் கேட்டுவிடுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள்.

நான் இப்போது சமையலறையோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுத்து, அரிசி பருப்பை பாரிஸிலிருந்தே கொண்டுபோகிறேன். சந்தையில் காய்கறி, வால்நட் ரொட்டி, பெரிகோர் ஸ்ட்ராபெரி, வால்நட் எண்ணெய் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ் மிகச் சுவையானது, ஆனால் பாலை உறையவைக்க விலங்கு உறைமம் சேர்ப்பதால் கடும் சைவர்கள் அதையும் தவிர்ப்பார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கெல்லாம் அழைத்துப்போகலாம்?

லஸ்கோவின் புதிய மறுபடைப்புக்குத் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள், தளம் சமமானது. ரூஃபினியாக் ரயிலும் ஏற்றது. ரொக்கமதூரில் பாறையோடு ஒட்டிக் கட்டிய திருத்தலத்துக்கு 216 படிகள் உண்டு, முற்காலத்தில் பக்தர்கள் முழந்தாளிட்டு ஏறிய படிகள். இப்போது கட்டண மின்தூக்கி இருக்கிறது, கறுப்பு மாதாவை அம்மா படியேறாமலே தரிசிக்கலாம். பெய்நாக்குக்கு ஆற்றங்கரை ஊரிலிருந்து கற்பாதையில் ஏறச் சொல்லாதீர்கள். மலைக்குப் பின்புறமாகக் காரில் மேலே போக முடியும். ஆனாலும் உள்ளே படிகள் உண்டு. பதிராக்கில் மின்தூக்கி இருந்தாலும் நிலத்தடியில் ஏறி இறங்கும் படிகள் மிக அதிகம், அதை விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு நான் பரிந்துரைப்பது லா ரொக் கஜாக் ஊரிலிருந்து புறப்படும் தட்டையடிப் படகு. ‘கபார்’ என்பது அதன் பெயர். ஒரு காலத்தில் மேலாற்றுப் பகுதியின் ஓக் மரத்தை மதுப்பீப்பாய் செய்வதற்காகக் கீழ்நோக்கிக் கொண்டுபோன சரக்குப் படகுகள் இவை. நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிக் கொண்டுவருவது எளிதல்ல என்பதால், மேலாற்றிலிருந்து போன படகுகளைக் கீழே சேர்ந்ததும் பிரித்து விறகுக்கு விற்றுவிட்டு, படகோட்டிகள் நடந்தே ஊர் திரும்பினார்கள். உட்கார்ந்தபடியே பாறைக்கடியில் ஒட்டியிருக்கும் ஊரையும் தூரத்துக் கோட்டையையும் பார்த்துவிடலாம்.

ஏரிக்கரைக் கோட்டை என்று ஒரு படம் பார்த்தேன். அது இங்கேயா? அந்த ஏரியில் குளிக்கலாமா?

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ‘ஷாத்தோ து வல்’ ஆக இருக்கும். சார்லாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இதே தோர்தோன் ஆற்றின் மேற்பகுதியில் போர் லே ஸோர்க் ஊருக்கருகே இருக்கிறது. ஆறு கூரான கோபுரங்கள் கொண்ட பதினைந்தாம் நூற்றாண்டுக் கோட்டை இது. கட்டியவர்கள் அதைத் தண்ணீருக்கு நடுவே கட்டவில்லை. பள்ளத்தாக்கைப் பார்த்த பாறைமுனையில் உயரமாகத்தான் கட்டினார்கள். 1952இல் மின்னுற்பத்திக்கான அணை எழும்பிப் பள்ளத்தாக்கு நிறைந்தபோது தண்ணீர் கோட்டையின் காலடிவரை வந்து நின்றது. கோட்டை தப்பியது, போர் தியூ என்ற கிராமத்தின் பழைய வீடுகள் தப்பவில்லை. கோடை முடிவில் நீர்மட்டம் இறங்கும்போது அடியிலிருந்த பாறை வெளிப்பட்டு, பழைய உயரம் ஓரளவு தெரியும். நான் அதைத்தான் பார்க்கப் போனேன், படத்தில் வரும் அழகைவிட அது எனக்கு முக்கியமாக இருந்தது.

குளிப்பதற்குப் பாதுகாவலர் நிற்கும் கரைகளை மட்டுமே தேர்ந்தெடுங்கள். பொதுவாக ஜூலை, ஆகஸ்டில்தான் அவர்கள் இருப்பார்கள். அணைக்குக் கீழே ஆற்றில் இறங்குவதில் மேலும் கவனம் வேண்டும். மேலாற்றில் ஐந்து பெரிய அணைகள் வரிசையாக இருக்கின்றன, தண்ணீரைத் திறந்துவிட்டால் சில நிமிடங்களில் மட்டம் உயரக்கூடும். எச்சரிக்கைப் பலகைகள் பிரெஞ்சில் இருப்பதால் புதிதாக வந்தவர்கள் படிக்காமல் போய்விடுகிறார்கள்.

மகளுக்கு 22 வயது. 26க்குக் கீழே இலவசம் என்று சொல்கிறார்களே, வாசலில் காசு கேட்டார்கள்.

கேட்டது சரிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 18 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு இலவசம் என்பது அரசின் தேசிய நினைவுச்சின்னங்களுக்கும் தேசிய அருங்காட்சியகங்களுக்கும் உரிய விதி. பெய்நாக், கஸ்தெல்நோ, மிலாந் மூன்றும் தனியார் உடைமைகள், அங்கே அது செல்லாது. மேலே சொன்ன ஃபோன் து கோம் குகை தேசிய நினைவுச்சின்னம் என்பதால் அங்கே செல்லும். வதிவிட அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ வரும், அதே வயதுடைய மச்சான் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

போகும் வழியில் ஒரதூர் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துப்போகலாமா?

லிமோஜ் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள ஒரதூர் சூர் கிளான் கிராமத்தில் 1944 ஜூன் 10 அன்று ஜெர்மன் நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் ஆண்களைக் களஞ்சியங்களில் சுட்டார்கள், பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துத் தீவைத்தார்கள். கொல்லப்பட்டவர்கள் 643 பேர். எரிந்த கிராமத்தை அப்படியே விடவேண்டும் என்று முடிவெடுத்து, பக்கத்தில் புதிய ஊரைக் கட்டினார்கள். எங்களில் பலர் எரிந்த ஊர்களை விட்டு வந்தவர்கள் என்பதால் இந்தக் கேள்வியை எளிதாகக் கேட்பதில்லை, நானும் எளிதாகப் பதில் சொல்வதில்லை.

பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை அழைத்துப்போக வேண்டாம் என்பது என் எண்ணம். அதற்கு மேற்பட்டவர்களானால் முந்தின நாளே நடந்ததைச் சொல்லிவிட்டு அழைத்துச் செல்லுங்கள். நினைவு மையத்தின் வழியாகத்தான் இடிபாடுகளுக்குள் நுழையவேண்டும். உள்ளே அமைதி காக்கவேண்டும், உணவு கூடாது. துருப்பிடித்த கார், டிராம் தண்டவாளம், கூரையில்லாத வீடுகளுக்குள் வரிசையாக நிற்கும் தையல் இயந்திரங்கள் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். என் மகன் தன் பதின்மூன்றாம் வயதில் ஒரு தையல் இயந்திரத்தின் முன் நின்று, அம்மம்மாவிடம் இருந்ததும் இப்படித்தானா என்று கேட்டான். ஆம் என்றேன். அதே நாளில் வேறு கோட்டைக்குப் போகும் திட்டம் வைக்காதீர்கள், நேராகத் தங்குமிடத்துக்குப் போய்விடுங்கள்.